உள்ளூர்க் கலமும் கடல்வழிக் கலமும்: அரிக்கமேட்டு ஓடுகளை முன்வைத்து ஒரு மறுநோக்கு

முன்னுரை

சங்கப் பாடல்களில் யவனர் குறிக்கப்பெறும் இடங்களைக் கற்பிக்கும் ஆசிரியர் அரிக்கமேட்டைச் சொல்லாமல் விடுவது அரிது. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அம்மேட்டில் உரோமானியப் பானை ஓடுகள் கிடைத்தன என்றும், எனவே இலக்கியம் கூறுவதைத் தொல்லியல் மெய்ப்பித்துவிட்டது என்றும் உரைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இக்கூற்று முற்றிலும் பிழையன்று. ஆயின், 'உரோமானியப் பானை ஓடு' என்னும் ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு மண்ணில் பிறந்த கலங்கள் ஒன்றாக அடைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகுதியாகப் பேசப்படும் ஒரு வகை உரோமானியமும் அன்று. அரிக்கமேட்டில் வனையப்பட்டதும் அன்று.

இம்முடிவை நோக்கி ஆய்வுலகம் நகர்ந்ததில் புனே நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு. ஒரு பானை உள்ளூரில் வனையப்பட்டதா, வேறிடத்திலிருந்து வந்ததா என்னும் வினா தொல்லியலாரின் உள்வினை மட்டுமன்று. சங்க காலத்தின் கால எல்லை பற்றிய விவாதத்தையும் அது தொடுகிறது. அவ்வினாவுக்கு விடை மாறிவந்த வரலாற்றை எடுத்துரைத்து, இலக்கிய ஆய்வாளர் அதனின்று கொள்ளத்தக்கவை யாவை எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரிக்கமேட்டின் மூவகைக் கலங்கள்

1945ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். அதன் அறிக்கை மறு ஆண்டில் 'ஏன்ஷியண்ட் இந்தியா' இதழில் வெளிவந்தது. பின்னர் 1947-48இல் பிரெஞ்சு அறிஞர் கஸால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகமும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் இணைந்து மீண்டும் அகழ்ந்தன.

இவ்வகழாய்வுகளில் கிடைத்த கலங்களுள் பெரும்பாலானவை சோறாக்கவும் நீர் வைக்கவும் பயன்பட்ட உள்ளூர்ப் பானைகளே. எனினும் புகழ் பெற்றவை மூன்று சிறுபான்மை வகைகள். முதலாவது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரைச் சார்ந்த 'அரிட்டைன்' என்னும் செந்நிறப் பளபளப்புக் கலம். குயவரின் பெயர் முத்திரை இட்ட ஓடுகளும் இதில் உண்டு. இரண்டாவது, 'ஆம்போரா' எனப்படும் இருகைப்பிடிச் சாடி. மது, எண்ணெய், மீன்குழம்பு ஆகியவை அதில் அடைத்து அனுப்பப்பட்டன. மூன்றாவது, 'ரௌலட்டட்' என வழங்கும் தட்டு. மிக நுண்ணிய மண்ணால் ஆகிய இதன் விளிம்பு உள்நோக்கி வளைந்திருக்கும். மேற்பரப்பு கருமை அல்லது சாம்பல் நிறத்தில் பளபளக்கும்; தட்டினால் உலோகம் போல் ஒலிக்கும். தட்டின் உட்புற அடியில், சிறு புள்ளிகளோ முக்கோணங்களோ வட்ட வட்டமாகப் பதிந்திருக்கும். பல்வைத்த சிறு உருளையை ஈரமண்மேல் ஓட்டியோ, சுழலும் கலத்தின்மேல் கருவியை அதிரவிட்டோ இவ்வணி செய்யப்பட்டிருக்கலாம் என்பர்.

முதல் இரு வகைகளும் மத்தியதரைக்கடற் பகுதியிலிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. மூன்றாவதே சிக்கலுக்கு இடமாயிற்று. உருளையால் அணி செய்யும் முறை இந்தியக் குயவர் மரபில் இல்லை, மத்தியதரைப் பகுதியில் உண்டு என வீலர் கருதினார். ஆகவே நேர்த்தியான தட்டுகள் அங்கிருந்து வந்தவை, தரம் குறைந்தவை அவற்றைப் பார்த்து இங்கு செய்யப்பட்டவை எனக் கொண்டார். அணியின் ஒப்புமையே இம்முடிவுக்கு ஆதாரம். மண் அப்போது சோதிக்கப்படவில்லை.

ஒரு தட்டின்மேல் ஏற்றப்பட்ட காலக்கணக்கு

வீலரின் முடிவு ஓர் ஊரின் வணிகத்தோடு நின்றிருந்தால் அது சிறிய செய்தியே. ஆனால் தென்னிந்திய வரலாற்றின் காலவரிசை முழுவதையும் அதன்மேல் ஏற்றினார் அவர். அரிட்டைன் கலங்களின் காலம் ஐரோப்பாவில் நன்கு வரையறுக்கப்பட்டிருந்தது. கைவிடப்பட்ட ஆண்டு தெரிந்த உரோமப் படைமுகாம்களில் அவை கிடைத்தமையே அதற்குக் காரணம். அவ்வாறு காலம் உறுதிப்பட்ட கலம் அரிக்கமேட்டில் ரௌலட்டட் தட்டோடு தொடர்புபடுத்தப்பட்டது. எனவே ரௌலட்டட் தட்டு கிடைக்கும் இடமெல்லாம் கி.பி. முதலாம் நூற்றாண்டை ஒட்டிய காலம் எனும் அளவுகோல் உருவாயிற்று.

1947இல் கருநாடகத்தின் பிரம்மகிரியில் அகழ்ந்தபோது வீலர் இவ்வளவுகோலைப் பயன்படுத்தினார். ரௌலட்டட் ஓடுகள் கிடைத்த அடுக்கைக் கி.பி. 50ஐ ஒட்டித் தொடங்குவதாகக் கொண்டு, அதற்குக் கீழேயிருந்த பெருங்கற்படைப் பண்பாட்டைக் கி.மு. 200 முதல் கி.பி. 50 வரை எனக் கணித்தார். தென்னாட்டின் இரும்புக்காலம் மிகப் பிற்பட்டது எனும் கருத்து நெடுங்காலம் நிலைபெற இக்கணக்கு உதவியது. பிற்காலத்தில் கரிமக் கணிப்புகள் அப்பண்பாட்டின் தொடக்கத்தைக் கி.மு. ஆயிரத்திற்கும் முன்னே கொண்டு சென்றன. ஒரு தட்டின் பிறப்பிடம் பற்றிய ஊகம், ஒரு நிலப்பகுதியின் வரலாற்றையே பல நூற்றாண்டுகள் இளமையாக்கிவிட்டது எனலாம்.

பெக்லியின் மறுப்பு

1983இலும் 1988இலும் விமலா பெக்லி வெளியிட்ட கட்டுரைகள் இக்கட்டடத்தின் அடித்தளத்தை அசைத்தன. வீலரின் அடுக்குகளை அவர் மீண்டும் ஆராய்ந்தார். ரௌலட்டட் தட்டு அரிட்டைன் கலத்துக்கு முற்பட்ட நிலையிலேயே வழக்கிலிருந்தது என்றும், அதன் தொடக்கம் கி.மு. காலத்தைச் சார்ந்தது என்றும் காட்டினார். அத்தட்டின் வடிவத்துக்கு மத்தியதரைக் கலங்களுள் நேர் இணை இல்லை. மாறாக, இந்தியக் கலமரபோடு அது ஒட்டி நிற்கிறது. எனவே அது இந்தியாவில் வனையப்பட்டதே என்பது அவர் முடிபு.

கிடைத்த இடங்களின் பரப்பும் இம்முடிபுக்கு வலுச் சேர்த்தது. ஒடிசாவின் சிசுபால்கர், ஆந்திரத்தின் அமராவதி, தமிழகத்தின் காவிரிப்பூம்பட்டினம், அழகன்குளம், ஈழத்தின் கந்தரோடை, அனுராதபுரம், திசமகாராமை, வங்கத்தின் பல ஊர்கள், கடல் கடந்து பாலித் தீவின் செம்பிரான் என இத்தட்டு வங்காள விரிகுடாவைச் சுற்றிப் பரவியுள்ளது. உரோமிலிருந்து வந்த கலமாயின் மேற்குக் கரையில் அன்றோ அது மிகுந்திருக்க வேண்டும்? ஆனால் கிழக்குக் கரையிலேயே அது செறிந்து காணப்படுகிறது.

இந்தியக் கலம் என்பது தெளிவானபின் அடுத்த வினா எழுந்தது: இந்தியாவில் எங்கு? அரிக்கமேட்டிலேயே வனைந்தனரா? இவ்வினாவை வடிவ ஒப்புமையால் தீர்க்க இயலாது. மண்ணையே கேட்க வேண்டியிருந்தது.

புனேயில் மண் பேசியது

புனேயின் தெக்காணக் கல்லூரி 1939இல் பட்டமேற்படிப்பு ஆய்வு நிறுவனமாகப் புத்துயிர் பெற்றது. அவ்வாண்டே அங்குப் பணியேற்ற எச்.டி. சங்காலியா, கள அகழாய்வோடு பிற அறிவியல் துறைகளையும் இணைக்கும் மரபைத் தோற்றுவித்தார். அம்மரபில் வந்தவர் விஷ்வாஸ் கோக்டே. 1997இல் புனேயிலிருந்து வெளிவரும் 'மேன் அண்ட் என்விரான்மென்ட்' இதழில் ரௌலட்டட் கலத்தின் மூலம் பற்றிய தம் ஆய்வை அவர் வெளியிட்டார்.

அவர் கையாண்டது எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு முறை. ஓட்டின் சிறு துண்டைப் பொடியாக்கி அதன்மேல் கதிரைச் செலுத்துவர். மண்ணிலுள்ள ஒவ்வொரு கனிமப் படிகமும் தனக்குரிய கோணங்களில் கதிரைத் திருப்பும். அக்கோணங்களைப் பதிவு செய்தால் மண்ணின் கனிமக் கூட்டு வரைபடமாகக் கிடைக்கும். பல ஊர்களின் ரௌலட்டட் ஓடுகளையும் வெவ்வேறு பகுதிகளின் மண், பானைகளையும் இவ்வாறு ஒப்பிட்ட கோக்டே, அரிக்கமேட்டுத் தட்டுகள் உட்படப் பல, வங்காளத்தின் சந்திரகேதுகர் - தம்லுக் பகுதி மண்ணோடு பொருந்துகின்றன என முடிவு செய்தார். தம்லுக் என்பது பண்டைய தாமிரலிப்தித் துறைமுகம்.

இம்முடிவை இறுதியானதாகக் கொள்ளல் ஆகாது. சுடும்போது சில களிமண் கனிமங்கள் சிதைகின்றன. கங்கைச் சமவெளியின் வண்டல் பெரும்பரப்பில் ஏறத்தாழ ஒத்த தன்மையுடையது. எனவே கனிமக் கூட்டால் ஓர் ஊரைச் சுட்டுவது எளிதன்று. 2005இல் போர்டு, பொல்லார்டு, கானிங்ஹாம், ஸ்டெர்ன் ஆகியோர் 'ஆண்டிக்விட்டி' இதழில் வெளியிட்ட வேதியியற் பகுப்பாய்வு, ரௌலட்டட் தட்டும் அதனோடு தொடர்புடைய நுண்கலங்களும் ஒரே நிலவியல் மூலத்தைச் சார்ந்தவை எனக் கண்டது. மூல இடம் எது என்பதில் விவாதம் தொடரினும், அக்கலங்கள் கிடைக்கும் ஊர்தோறும் தனித்தனியே வனையப்பட்டவை அல்ல என்பதில் இரு ஆய்வுகளும் ஒத்துச் செல்கின்றன.

இதன் விளைவு கருதத்தக்கது. 'உள்ளூர்', 'வெளிநாடு' எனும் இரு கூறுகளாக அரிக்கமேட்டுக் கலங்களைப் பகுப்பது போதாது. அவற்றின் இடையே மூன்றாவது கூறு ஒன்று உண்டு: இந்தியாவின் பிறிதொரு பகுதியிலிருந்து கடல்வழி வந்த கலம். ரௌலட்டட் தட்டு உரோமுக்குரியதன்று என்று மகிழ்ந்து அதனைத் தமிழ்க் குயவரின் படைப்பாக்கிவிடவும் இயலாது. தமிழ்க் குயவர் செய்தது வேறு. அத்தட்டின் வடிவத்தைப் பின்பற்றி, பருமண்ணால் எளிய தட்டுகளை வனைந்தனர். அவையும் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. வந்த கலத்தின் மதிப்பை அறிய, அதனைப் பார்த்து வனைந்த உள்ளூர்க் கலமே சிறந்த சான்று.

மராட்டியத்தின் யவனர்

புனேயைச் சூழ்ந்த நிலப்பகுதி இவ்வாய்வுக்கு மற்றொரு படிப்பினையும் தருகிறது. புனே மாவட்டத்து ஜுன்னர் பௌத்தக் குகைகளில் மூன்று கல்வெட்டுகள் யவனரின் கொடையைக் குறிக்கின்றன. இரிலன் என்பான் நீர்த்தொட்டிகளையும், சிட்டன் என்பான் துறவியர்க்கு உணவுக்கூடத்தையும், சந்தன் என்பான் கூடத்தின் முகப்பையும் அளித்தனர். அதே மாவட்டத்துக் கார்லே குகையிலும் யவனர் கொடைகள் உள்ளன. இப்பெயர்கள் கிரேக்க, இலத்தீன் பெயர்களாக வெளிப்படையாகத் தோன்றவில்லை, மொழியோ பிராகிருதம், சமயமோ பௌத்தம். 'யவனர்' எனும் சொல் ஒன்றையே கொண்டு, கல்லில் பெயர் பொறித்தவர் உரோம் நாட்டு வணிகர் எனத் துணிய இயலாது. அவ்வாறே அச்சொல் வரும் பாடலைக் கொண்டு, பானை ஓடு உரோமிலிருந்து வந்தது எனவும் துணியலாகாது.

கலங்களுக்கும் இது பொருந்தும். சங்காலியாவும் அவர் குழுவினரும் 1954-56இல் அகழ்ந்த நெவாசா, இன்று அகில்யாநகர் எனப் பெயர் மாறிய அகமதுநகர் மாவட்டத்தில் பிரவரா ஆற்றங்கரையில் உள்ளது. அங்கு ஆம்போரா ஓடுகளும் ரௌலட்டட் ஓடுகளும் கிடைத்தன. இந்தியாவில் இவ்வாறு ஆம்போரா எனப் பதிவான ஓடுகளைப் பல இடங்களிலும் நேரில் பார்த்து மறுஆய்வு செய்தவர் ராபர்ட்டா டோம்பர். 2007இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அவற்றுள் ஒரு பகுதி உரோமானிய ஆம்போரா அன்று, மெசபடோமியப் பகுதியின் சாடி எனக் காட்டியது. அச்சாடிக்குக் கைப்பிடி இல்லை. உட்புறத்தில் நிலக்கீல் பூசப்பட்டிருக்கும். அதற்கு மாறாக, இத்தாலியின் கம்பானியாப் பகுதி ஆம்போராவின் மண்ணில் எரிமலை சார்ந்த கருமணல் கலந்திருக்கும். உடைந்த விளிம்பை உருப்பெருக்கியால் நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படும். பாரசீக வளைகுடா வணிகத்தின் சான்று ஒன்று உரோமின் கணக்கில் நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

எகிப்தில் வந்திறங்கிய நம் பானை

இதுவரை கண்டவை வெளியிலிருந்து இங்கு வந்த கலங்கள். எதிர்த்திசையையும் நோக்கினாலன்றி இவ்வாய்வு நிறைவு பெறாது. செங்கடற் கரையில் பெரெனிகே, மியோஸ் ஹோர்மோஸ் என இரு துறைமுகங்கள் இருந்தன. இவை உரோமப் பேரரசின் எகிப்து மாநிலத்தைச் சார்ந்த சிற்றூர்கள். அங்குள்ள தொல்லியலார்க்கு அரிட்டைன் கலமும் ஆம்போராவும் பேரரசின் வழக்கமான வரவுகள். வியப்பூட்டும் அயற்கலமாகத் தோன்றியவை இந்தியப் பானைகளே.

பெரெனிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த பெரிய இந்தியச் சாடி ஒன்றில் 7.55 கிலோ மிளகு கிடைத்தது. இருதுறைகளிலும் இந்தியச் சமையற் பானைகள் கிடைத்துள்ளன. மிளகுச் சாடி வணிகத்தின் அடையாளம். சமையற் பானையோ வேறு செய்தி கூறும். உலை வைக்கும் பானையை விலைப்பொருளாக எவரும் கடல் கடத்துவது அரிது. தம் கைப்பழக்கத்துக்குரிய பானையில் சமைத்துண்ண விரும்பிய இந்தியர் அங்குத் தங்கியிருந்தனர் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம்.

எழுத்துச் சான்றும் இதனை உறுதிப்படுத்துகிறது. மியோஸ் ஹோர்மோஸ் ஆகிய இன்றைய குசேர் அல்-காதிமில் கிடைத்த சாடியின் ஓட்டில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பானை ஒறி' எனப் பொறிக்கப்பட்டுள்ளது. இதனைப் படித்த ஐராவதம் மகாதேவன், 'ஒறி' என்பது உறியே என விளக்கினார். முன்னர் அங்கு அகழ்ந்த அமெரிக்கக் குழுவினர்க்குக் 'கணன்', 'சாதன்' எனும் பெயர்கள் கிடைத்திருந்தன. பெரெனிகேயில் 1995இல் கிடைத்த ஓட்டில் 'கொறபூமான்' எனும் பெயர் உள்ளது. இவ்வோடு உரோமானிய ஆம்போராவின் உடைசல் என்பது நினையத்தக்கது. மத்தியதரைச் சாடியின்மேல் தமிழ்ப் பெயர். எகிப்தின் துறைமுகத்தில் தமிழர் பானை. கலம் ஒரு நாட்டது, கைவேறு, எழுத்து வேறு எனும் நிலையில், கலத்தின் பிறப்பிடத்தைக் கொண்டு அதனைப் பயன்படுத்தியவரின் இனத்தைக் கூறிவிட முடியாது என்பது தெளிவாகிறது.

இலக்கிய ஆய்வாளர்க்கு

மேற்கண்டவை தமிழாய்வுக்குத் தரும் பயன் மூன்று எனலாம்.

முதலாவது, சொற்பொருள் பற்றியது. யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் அருந்தியதைப் புறநானூற்று 56ஆம் பாடலில் நக்கீரர் குறிப்பிடுகிறார். அங்கு வரும் 'கலம்' என்னும் சொல் மரக்கலத்தையும் குறிக்கும்; மது வைத்த கொள்கலத்தையும் குறிக்கும். கப்பல் எனக் கொண்டால் பாடல் வணிகத்தைப் பேசுகிறது. சாடி எனக் கொண்டால் அரிக்கமேட்டு ஆம்போராவைத் தொடுகிறது. ஆம்போரா ஓடு கிடைத்தது என்பதால் இரண்டாம் பொருளே சரி எனத் துணிதல் முறையன்று. பாடலின் பொருளைப் பாடலின் சொல்வழக்கால் தீர்மானித்தபின்னரே தொல்லியலோடு ஒப்பிடல் தகும்.

இரண்டாவது, கால ஆராய்ச்சி பற்றியது. 'ரௌலட்டட் ஓடு கிடைத்தது, எனவே உரோம வணிகம், எனவே கி.பி. முதல் நூற்றாண்டு' எனும் வாய்பாட்டைக் கைவிட வேண்டும். ஒரு தமிழ்-பிராமி ஓடு ரௌலட்டட் அடுக்கில் கிடைத்தால், அது கி.மு. காலத்ததாகவும் இருக்கக்கூடும். இதனால் தமிழ் எழுத்தின் தொன்மை தானே மெய்ப்பிக்கப்படாது. ஆயின் அதனைத் தடுத்து நின்ற பிழையான அளவுகோல் அகன்றுவிடுகிறது.

மூன்றாவது, நோக்குத் திசை பற்றியது. உரோம் எனும் பெயரின் ஒளியில் நாம் மேற்றிசையையே நோக்கிக்கொண்டிருந்தோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் புகார்த் துறையில் குவிந்த பண்டங்களைப் பட்டியலிடும்போது கங்கையின் வளத்தையும் ஈழத்து உணவையும் குறிப்பிடுகிறார். ரௌலட்டட் தட்டின் பரவல் வழியும் வங்கம் முதல் ஈழம் வரை செல்வதே. யவனர் பாடல்களுக்குச் சான்றாக நாம் காட்டிவந்த அத்தட்டு, உண்மையில் பட்டினப்பாலைக்கு நெருங்கியது. பண்டங்களைப் பெயர் சொல்லி அடுக்கிய புலவரின் கண், அவர் காலத்துக் கீழைக்கடல் வணிகத்தைத் தவறவிடவில்லை.

முடிவுரை

வடிவத்தையும் அணியையும் மட்டும் நோக்கியபோது ரௌலட்டட் தட்டு உரோமானியமாயிற்று. அடுக்கை நோக்கியபோது இந்தியமாயிற்று. மண்ணைச் சோதித்தபோது வங்கத்தை நோக்கி நகர்ந்தது. இம்மூன்று நிலைகளும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலத்தில் நிகழ்ந்தவை. முதல் நிலையோடு நின்றுவிட்ட பாடநூல்களும் வகுப்புரைகளும் இன்றும் உள. தொல்லியல் முடிவை ஒருமுறை கேட்டுக்கொண்டு அதனை நிலையான மேற்கோளாக்குதல் இலக்கியத்துக்கும் தொல்லியலுக்கும் ஒருங்கே தீங்காகும்.

பசுமண்ணைத் திகிரியில் ஏற்றிய குயவனுக்குத் தான் கருதிய வடிவில் கலம் அமைவதை உவமையாக்கினார் கோவூர் கிழார். கலஞ்செய் கோவை விளித்துக் கிள்ளிவளவனின் மறைவைப் பாடினார் ஐயூர் முடவனார். குயவரின் தொழிலை இத்துணை மதித்த இலக்கியத்தைக் கற்போர், பானை ஓட்டைத் தம் கருத்துக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளாமல், அது பிறந்த மண்ணையும் வந்த வழியையும் கேட்டறிந்து பேசுவதே முறையாகும்.